மலையகத் தப்பும் சிங்கள மேடையிசையும்: எல்லை கடந்த இசைக் கூட்டுறவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவையை அடையும் பாதையின் முடிவில், புனித மேரி தேவாலயத்தின் வளவில், ஆங்கில நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான யூலியா மார்கரற் கமரன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இம்மலைப் பகுதியிலேயே மறைந்த அவ்வம்மையார், இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழ் டெனிசன், டார்வின், ஹேர்ஷல் என்று பெயர் பொறித்தார். இலங்கையில் அவர் எடுத்த உழைப்பாளர் படங்களிலோ முகங்கள் உள்ளன. பெரும்பாலும் பெயர்கள் இல்லை. இக்கட்டுரை நிழற்படம் பற்றியதன்று. எனினும், பெயர் பெற்றோரும் பெயரற்றோரும் என்ற இதே பாகுபாடு இசை வரலாற்றிலும் நிலவுவதால், இதனை முதலிற் குறிப்பிட நேர்ந்தது.

வெவ்வேறு பண்பாட்டு இசைஞர் எல்லை கடந்து ஒன்றுசேர்தல் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன சில புகழ்மிக்க சந்திப்புகளே. 1966இல் இங்கிலாந்தின் பாத் நகர விழாவில் யெகுதி மெனுகினும் ரவிசங்கரும் இணைந்து வாசித்ததும், 1970களின் நடுவில் ஜோன் மக்லாக்லின், எல். சங்கர், ஸாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோர் ‘சக்தி’ என்ற குழுவாக அமைந்ததும் மீண்டும் மீண்டும் எடுத்துக் கூறப்படுகின்றன. அவற்றின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின், இசை எல்லையைக் கடந்த வழிகளுள் மிகப் பழையதும் மிக அகன்றதும் உழைப்பாளர் நடந்த வழியே என்பதும், இலங்கையில் அவ்வழியை அடைத்த சட்டங்களையும் இசை வரலாற்றையும் ஒருசேர நோக்காவிடில் இரண்டுமே விளங்கா என்பதும் எமது கருத்தாகும்.

கோப்பிக் காலத்திலும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தொடர்ந்த தேயிலைக் காலத்திலும், கங்காணிமாரின் கீழ் இங்கு வந்தோர் ஒரே ஊரார் அல்லர். திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், ஆர்க்காடு என்று பல பகுதிகளிலிருந்து பல சாதியினர் வந்தனர். அவர்கள் ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் அடைக்கப்பட்டனர். ஊரில் தத்தம் சேரிக்கும் தெருவுக்கும் உரியனவாயிருந்த பாட்டும் கூத்தும் அடியும் முதன்முறையாக ஒன்றையொன்று நெருங்கிக் கேட்டது இங்கேதான். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவை ‘மலையகக் கூத்து’ என்ற ஒரு பெயருக்குள் வந்தமை இந்நெருக்கத்தின் விளைவே. ஆகவே, பண்பாட்டுக் கலப்பு என்பது தமிழருக்கும் பிறருக்கும் இடையில் மட்டும் நிகழ்ந்ததன்று. முதற்கண் அது தமிழர்க்குள்ளேயே நிகழ்ந்தது.

இக்கூத்துகளின் உயிர்நாடி தப்பு. தோட்டத்தில் அதற்கு இரட்டை வாழ்வு இருந்தது. விடியுமுன் அது தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. அவ்வகையில் அது துரையின் கடிகாரம். மாசி மாதத்து அமாவாசையின் பின் காமன் ஊன்றப்பட்டதும், அதே தோற்கருவி, அதே கைகளில், இரதியினதும் மன்மதனதும் ஆட்டத்துக்கு அடித்தது. சாவுக்கும் அதுவே அடித்தது. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. கேட்ட அளவில் தோட்டத்துப் பிள்ளைக்கும் வேற்றுமை புலப்படும். ஆங்கிலேயரோ பறை, தப்பு, உறுமி, மத்தளம் அனைத்தையும் ‘டொம் டொம்’ என்ற ஒரே சொல்லால் குறித்து அமைந்தனர். நம்மவரும் இதிற் பெரிதும் வேறுபட்டவரல்லர். தப்பு அடிப்போர் சாதியால் ஒதுக்கப்பட்டவர் என்பதனால், கருநாடக இசையை இசை என்றும் தப்பை ஒலி என்றும் கொள்ளும் மனப்பாங்கு கற்றோரிடை நெடுங்காலம் நிலவிற்று. கடலைத் தாண்டிய அக்கருவிக்குக் கோயில் மண்டபத்தின் படி தாண்டற்கரியதாயிருந்தது.

இனி, மேடையிசைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் தென்னகத்திலும் கொழும்பிலும் ஆடின. இந்துஸ்தானி மெட்டுகளில் அமைந்த அவற்றின் பாடல்கள் இரு கரைகளிலும் பற்றிப் படர்ந்தன. தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து இசை நாடகம் அவற்றின் செல்வாக்கை ஏற்றது. இலங்கையில் ‘நூர்த்தி’ எனப்படும் சிங்கள நாடக வகை அவற்றை அடியொற்றி எழுந்தது. நூர்த்தியின் தலையாய ஆசிரியரான ஜோன் த சில்வா, தமது ‘சிறிசங்கபோ’ முதலிய நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விசுவநாத் லௌஜியை வரவழைத்தார். சிங்களம் அறியாதவராக வந்த இவ்விசைஞர் அமைத்த மெட்டில்தான், 1903இல் மேடையேறிய அந்நாடகத்தின் ‘தன்னோ புதுங்கே’ என்ற பாடல் பிறந்தது. இன்று அது சிங்கள பௌத்தப் பண்பாட்டின் குரலாகவே போற்றப்படுகின்றது. அதன் மெட்டு யாருடையது என்பதை அதனைக் கேட்டு உருகுவோருட் பலர் எண்ணுவதில்லை. பாட்டுக்கு அது இழுக்கன்று, வரலாற்றுக்கு இழுக்கே.

கொழும்பு மேடையும் தமிழ் மேடையும் இவ்வாறு ஒரே ஊற்றில் நீர் பருகிய காலத்தில், அட்டனில் அம்மெட்டு முறைமை வேறொரு பணிக்குக் கொள்ளப்பட்டது. தஞ்சையிலிருந்து வந்து பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் உழைத்த கோ. நடேசய்யர், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து அட்டனை நிலைக்களமாகக் கொண்டார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தோட்டந்தோறும் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு பிரசுரமாக வெளிவந்தன. மக்கள் முன்பே அறிந்த மெட்டுகளிற் புதிய சொற்களை ஏற்றிப் பாடுதல் அவர் முறை. எழுத்தறியாத தொழிலாளி மெட்டைக் கற்க வேண்டியதில்லை. சொல்லை மட்டும் ஏற்றால் போதும். எனவே கூட்டம் கலையுமுன் பாடல் லயத்தை அடைந்துவிடும். லௌஜியின் மெட்டுக்குச் சிங்களச் சொல் அமைந்ததும், நாடக மெட்டுக்குத் தோட்டத்துத் துயர் அமைந்ததும் தொழில்நுட்ப அடிப்படையில் ஒன்றே என்பது ஈண்டு நோக்கற்பாலது. முன்னது தேசியப் பண்பாடு எனப்பட்டது. பின்னது கிளர்ச்சி எனப்பட்டது.

1930களில் இசைத்தட்டு பரவியதும் இக்கூட்டுறவு மேலும் இறுகிற்று. சேலத்திற் பிறந்த முகைதீன் பேக் கொழும்புக்கு வந்து, இந்நாட்டு வெசாக் பந்தல்களில் இன்றளவும் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாடல்களைப் பாடினார். நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் 1923இல் டெய்சி டானியல்ஸ் என்ற பெயருடன் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர், ருக்மணி தேவி என்ற பெயரிற் சிங்கள மேடைக்கும் இசைத்தட்டுக்கும் ஒப்பற்ற பாடகியானார்.

இவ்விருவரும் ஆற்றிய பணியின் உச்சம் 1947 எனலாம். அவ்வாண்டு ஜனவரி 21இல் முதற் சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுணு பொரொந்துவ’ திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படமாக்கப்பட்டது மதுரையிலிருந்த அவரது சித்திரகலா மூவிடோன் கலையகத்தில். இசை நாராயண ஐயருடையது. இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மேடை நாடகமே கதை. ருக்மணி தேவியே நாயகி. அதே ஆண்டில் வெளிவந்த ‘அசோகமாலா’ கோயம்புத்தூரில் உருவாயிற்று. அதற்கு இசையமைத்த முகமது கௌஸ், பேக்கைப் பாடவைத்ததோடு, அல்பேட் பெரேரா என்ற சிங்கள இளைஞரையும் வயலின் வாசிக்க உடன் சேர்த்துக்கொண்டார். பின்னர் அமரதேவ என்ற பெயரிற் சிங்கள இசையின் முடிமணியானவர் அவ்விளைஞரே. சிங்களத் திரையிசை தமிழகத்து ஊர்கள் இரண்டில், இந்து, இசுலாமிய, கிறித்தவ, பௌத்த இசைஞரின் கூட்டுழைப்பாற் கண் திறந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பிற் பாராளுமன்றம் புகுந்த எழுவருள் தலவாக்கலை உறுப்பினர் சி. வி. வேலுப்பிள்ளையும் ஒருவர். தோட்டத்து மக்களின் பாடல்களை லயம் லயமாகச் சென்று தொகுத்த அப்பெருமகனாரைத் தெரிவு செய்த மக்கள் 1952இல் வாக்காளர் பட்டியலில் இல்லை. திரையில் இந்திய இசை வரவேற்கப்பட்டது. இந்திய வம்சாவளியினர் என்று கூறப்பட்டோர் விலக்கப்பட்டனர். இம்முரண்பாட்டைச் சிலரின் காழ்ப்புணர்வு என்று கூறி அமைதல் போதாது. இசைத்தட்டும் திரைப்படமும் விற்பனைப் பண்டங்கள். அவை எல்லை கடந்தால் இலாபம். தோட்டத் தொழிலாளியின் உழைப்பும் பண்டமே; ஆனால் அவன் கையில் வாக்குச் சீட்டு இருந்தது. மலையகத் தொகுதிகளில் அவ்வாக்கு இடதுசாரிகளுக்கும் சாய்ந்தது என்பதை ஆளும் வர்க்கம் மறக்கவில்லை.

1950களில் அறிவாளர் நடுவே எழுந்த ‘தென்னிந்தியப் பாணி’ எதிர்ப்பைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூறவேண்டும். மதராஸ் மெட்டுகளை அப்படியே பெயர்த்தெடுத்த சிங்களப் படங்களை விமரிசகர் கண்டித்தது பெரும்பாலும் நியாயமே. ஆனால் அதற்கு மாற்றாக நாடப்பட்டது பெரும்பாலும் வடஇந்தியம். 1952இல் இலங்கை வானொலிக் கலைஞரைத் தரப்படுத்த லக்னோவிலிருந்து பண்டிதர் ரத்னஜங்கர் அழைக்கப்பட்டார்; சுனில் சாந்த அத்தேர்வுக்குச் செல்ல மறுத்தார். தூரத்து இந்தியா செவ்வியல் எனவும் அண்மை இந்தியா மலிவு எனவும் பிரித்த இப்பார்வையில், அண்மையினும் அண்மையாகிய லயத்து இசைக்கு இடமே இருக்கவில்லை.

1956 இன்னுமொரு சான்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறிற்று. அதன் ஆட்டமுறையும் இசையும் சிங்கள ‘நாடகம’ மரபிலிருந்து எடுக்கப்பட்டவை. அம்மரபு தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பதைச் சரச்சந்திரவே ஆராய்ந்து கூறியுள்ளார். தமிழுக்கு அரச அலுவலில் இடம் மறுக்கப்பட்ட ஆண்டில், தமிழ்க் கூத்தின் வழித்தோன்றல் சிங்கள நவீன நாடகத்துக்கு முதுகெலும்பாயிற்று. மனமேயின் வெற்றி பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தனைத் தமிழ்க் கூத்தின்பாற் செலுத்த, 1960களிற் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியன மேடை கண்டன. மூலத்திலிருந்து சென்றது திரும்பி வந்து மூலத்தை எழுப்பிய அரிய நிகழ்ச்சி இது. ஆயினும் அம்முயற்சியின் நடுவே நின்றது மட்டக்களப்புக் கூத்து. பேராதனைக்கு மட்டக்களப்பினும் பொகவந்தலாவை அண்மையில் உள்ளது என்பதை நம் துறையினர் ஒருகால் எண்ணிப் பார்க்கலாம்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றிப் பேசிற்று: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. இப்பங்கீட்டில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்கும் உரியவரானதுண்டு. கூத்துக் குழுக்களும் குடும்பங்களால் ஆனவையே. அட்டனிற் புகையிரதம் ஏறித் தலைமன்னாரிற் கப்பல் ஏறிய இம்மக்களுட் பலர் நீலகிரியில், 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில், மீண்டும் கொழுந்து பறிக்கச் சென்றனர். அங்கே அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று பெயர் பெற்றவர்கள் அவர்கள். கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றது. இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பிரசாவுரிமை முழுமையாகக் கிட்டவில்லை.

கடலை இருமுறை கடந்த இவ்விசை பற்றிய ஆய்வு இனித்தான் முறையாகத் தொடங்கப்படல் வேண்டும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறியோர் நினைவில் உள்ள காமன் கூத்துப் பாடல்களையும் பொகவந்தலாவைத் தோட்டங்களில் வழங்கும் பாடல்களையும் அருகருகே ஒலிப்பதிவு செய்து, அரை நூற்றாண்டுப் பிரிவில் அடியும் மெட்டும் எவ்வாறு மாறின என்று காணலாம். சேலம், திருச்சி மாவட்டத்து ஊர்களில் எஞ்சியுள்ள வடிவங்களையும் மூன்றாவதாகச் சேர்த்தல் நன்று. பாடலை மட்டும் எழுதிக்கொண்டு மீளாது, கூத்து வாத்தியார் யார், தப்பு அடித்தவர் யார், அவருக்குக் கற்பித்தவர் எத்தோட்டத்தவர் என்பனவற்றையும், அவர்கள் இசைவு பெற்று, பெயரோடு குறித்துக்கொள்ளல் வேண்டும். அவர்களுள் முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.