ஆறு பென்னிப் பேச்சு

லண்டன் நகரில் டெம்பிள் பார் என்ற பழைய வாசலுக்குப் பக்கத்தில் 'புட்சர் ரோ' என்று ஒரு தெரு இருந்தது. நம் ஊராயிருந்தால் கசாப்புத் தெரு என்போம். 1750-களில் திங்கட்கிழமை ராத்திரியானால் அங்கே 'ராபின் ஹூட்' என்ற மதுக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். வாசலில் ஆறு பென்னி கொடுக்க வேண்டும். அந்தக் காசுக்குக் குடிக்கக் கறுப்பு பீரோ எலுமிச்சம்பழ ரஸமோ உண்டு; பேசுவதற்கு ஐந்து நிமிஷமும் உண்டு.

குமாஸ்தாவானாலும் சரி, கைத்தொழிலாளியானாலும் சரி, எழுந்து பேசலாம். ஐந்து நிமிஷம் ஆனதும் தலைவர் சுத்தியலால் தட்டுவார். வாக்கியம் பாதியில் தொங்கினாலும் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். நம் ஆண்டு விழாக்களில் நன்றியுரைக்காகக் காத்துக் கிடந்து கால் மரத்தவன் என்ற முறையில் அந்தச் சுத்தியலிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

தலைவர் யார் தெரியுமோ? காலெப் ஜீக்காக் என்ற ரொட்டிக் கடைக்காரர்! தங்க முலாம் பூசிய பெரிய நாற்காலியில் வீற்றிருப்பார். 'வேக்பீல்டு பாதிரியார்' கதையை எழுதினாரே கோல்ட்ஸ்மித், அவரை ஒரு நாள் டெரிக் என்ற நண்பர் அங்கே அழைத்துப் போனார். தலைவரின் கம்பீரத்தைக் கண்டு மலைத்துப்போன கோல்ட்ஸ்மித், இயற்கை இவரை லார்ட் சான்ஸலராக இருப்பதற்கல்லவா படைத்திருக்கிறது என்றாராம். "அதெல்லாம் இல்லை, வெறும் மாஸ்டர் ஆப் தி ரோல்ஸ்தான்" என்று காதோடு சொன்னார் டெரிக். அதுவும் பெரிய நீதிபதி பதவிதான். ஆனால் 'ரோல்ஸ்' என்றால் கோர்ட்டுப் பத்திரச் சுருளும் ஆகும், ரொட்டியும் ஆகும்.

இந்தச் சிரிப்பில் விஷம் கிடையாது. ஹென்றி பீல்டிங்கின் சிரிப்பு வேறு ஜாதி. அவர் நாவலாசிரியர், என் இனத்தார்; கூடவே மாஜிஸ்டிரேட் வேறு. 1752-ல் தம் பத்திரிகையில் இந்தச் சபையாரை எழுத்துப் பிழையோடு பேசவிட்டுப் பரிகாசம் செய்தார். கடைக்காரனும் தொழிலாளியும் மதத்தைப் பற்றியும் ராஜாங்கத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வதாவது! இந்த விஷயத்தில் எனக்கு பீல்டிங் கட்சியில் சேர மனம் வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தானே நாவலாசிரியன் பிழைக்கிறான்?

அங்கே பேசிப் பழகியவர்களில், அயர்லாந்திலிருந்து சட்டம் படிக்க வந்த எட்மண்ட் பர்க்கும் ஒருவர் என்று சொல்வார்கள். 1785 பிப்ரவரி 28-ஆம் தேதி அவர் பார்லிமெண்டில் எழுந்து நின்றபோது சுத்தியல் தட்ட யாரும் இல்லை, மணிக்கணக்கில் பேசினார். விஷயம் ஆற்காட்டு நவாபின் கடன். கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். தக்க விசாரணை இல்லாமலே அதைக் கர்நாடகச் சீமையின் வருமானத்திலிருந்து, அதாவது நம் குடியானவனின் வயிற்றிலிருந்து, தீர்க்க மந்திரிசபை ஏற்பாடு செய்திருந்தது. ஹைதர் அலியின் படையெடுப்பில் சீமை எரிந்ததைச் சொன்னார் பர்க். ஏரிகளையும் குளங்களையும் சொன்னார். பின்னால் வரும் தலைமுறைகளுக்காக அவற்றை வெட்டி வைத்த பழைய அரசர்களையும் சொன்னார். இத்தனைக்கும் அந்த மனிதர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை! தீர்மானம் தோற்றது.

இதற்கு ஐந்து வருஷம் முந்தியே, 1780-ல், லண்டனில் இப்படிப்பட்ட சபைகள் மூலைக்கு மூலை முளைத்துவிட்டன. ஸோஹோவில் கார்லைல் மாளிகையில் பெண்களே மேடையேறி விவாதம் செய்தார்கள்.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1795 அக்டோபரில் லண்டன் வீதியில் ஜனக் கும்பல் அரசரின் வண்டியைத் தாக்கியது. டிசம்பருக்குள் பிரதம மந்திரி பிட் சட்டம் கொண்டுவந்துவிட்டார். காசு வாங்கிக்கொண்டு ராஜாங்க விஷயங்களை விவாதிக்கும் இடத்துக்கு இனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாவிட்டால் அது 'ஒழுங்கீனமான வீடு'. விபசார விடுதிக்குச் சட்டம் வைத்திருந்த பெயரும் அதுவேதான்.

பர்க் அப்போது சபையில் இல்லை. முந்திய வருஷமே விலகிவிட்டார். புரட்சியைக் கண்டு அரண்டுபோயிருந்த அந்தக் கிழவர் இருந்திருந்தால் எந்தப் பக்கம் வோட்டுப் போட்டிருப்பார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.