கதிரவன் காய்ச்சிய வெந்நீர்

சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகலில் குழாயைத் திறந்து கைவைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் கையைச் சுடும். விறகோ மின்சாரமோ இல்லாமல் வெயில் ஒன்றே அந்நீரைக் காய்ச்சியிருக்கிறது. ஆனால் குளிர்ந்த நீரில் குளிக்க உடல் கூசும் மார்கழிக் காலையில் நாம் தேடுவது மின்சார ஹீட்டரை. நிலக்கரியை எரித்து, அதனால் நீராவியாக்கி, நீராவியால் சுழலி சுழற்றி, மின்சாரம் எடுத்து, அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பியில் கடத்தி வந்து, கடைசியில் ஒரு வாளி நீரைச் சூடாக்குகிறோம்!

வெயிலால் நீரைச் சூடாக்கி வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி அண்மைக்காலப் புதுமை என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். உண்மையில் அது விற்பனைக்கு வந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஒரு நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அது இருந்த காலமும் உண்டு. பிறகு அது மறைந்துபோயிற்று; வேறோர் இடத்தில் மீண்டும் தலையெடுத்தது. சூரியன் எந்நாளும் ஒரே மாதிரிதான் காய்கிறது. அப்படியிருக்க, இந்தக் கருவி மட்டும் வாழ்ந்தும் வீழ்ந்தும் வந்தது ஏன்? இக்கட்டுரையில் அதைக் காண்போம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வெப்பம்

1767-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து அறிஞர் ஹொரேஸ் பெனடிக்ட் டி சோசூர் ஓர் எளிய சோதனை செய்தார். கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி வெயிலில் வைத்தார். உள்ளே போகப் போக வெப்பம் கூடிற்று. பின்னர் மரப்பெட்டி ஒன்றின் உட்புறத்தில் கறுப்புத் தக்கை பதித்து, மேலே மூன்று அடுக்குக் கண்ணாடி மூடி வைத்தார். பெட்டிக்குள் வெப்பநிலை நீரின் கொதிநிலையையும் தாண்டி, சுமார் 109° செ. அளவுக்கு ஏறிற்று.

இதன் தத்துவம் கடினமானதன்று. கண்ணாடி வெயிலின் ஒளியை உள்ளே விடுகிறது. கறுப்புப் பரப்பு அதை உறிஞ்சிச் சூடேறுகிறது. சூடேறிய பரப்பிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. சூடான காற்றும் தப்பிப் போக வழியில்லை. வந்த வெப்பம் சிறைப்படுகிறது. இன்று நம் கூரைகளில் காணும் தட்டை வடிவச் சூரிய வெந்நீர்க் கருவிகள் யாவும் டி சோசூரின் பெட்டிக்குப் பேரப்பிள்ளைகளே.

'கிளைமாக்ஸ்' கூரையேறியது

அமெரிக்கப் பண்ணைகளில் ஒரு பழக்கம் இருந்தது. இரும்புத் தொட்டிக்குக் கறுப்பு வர்ணம் பூசி, நீர் நிரப்பி, வெயிலில் வைத்துவிடுவார்கள். பிற்பகலில் வெந்நீர் கிடைக்கும். ஆனால் காற்று வீசினாலோ மேகம் மறைத்தாலோ சூடு போய்விடும். பால்டிமோர் நகரில் வெப்பமூட்டும் சாதனங்கள் விற்றுவந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் இப்பழக்கத்தையும் டி சோசூரின் பெட்டியையும் இணைத்தார். கறுப்பு வர்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டிக்குள் வைத்தார். 1891-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 'கிளைமாக்ஸ்' என்று பெயரிட்டார்.

கலிபோர்னியாவில் இதற்கு நல்ல வரவேற்பு. அங்கு வெயிலுக்குக் குறைவில்லை. நிலக்கரியோ தொலைவிலிருந்து வர வேண்டியிருந்ததால் விலை அதிகம். கருவியின் விலை 25 டாலர். அதனால் ஆண்டொன்றுக்குச் சுமார் 9 டாலர் எரிபொருள் செலவு மிச்சமாயிற்று. மூன்று ஆண்டுகளில் போட்ட முதல் திரும்பிவிடும்! 1897-இல் பாஸடீனா நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளின் கூரையில் இக்கருவி இருந்தது.

ஆனாலும் ஒரு குறை. பெட்டிக்குள் இருந்த தொட்டியே சூடேற்றும் இடமாகவும் சேமிக்கும் இடமாகவும் இருந்தது. எனவே மாலையில் கொதித்த நீர் விடியற்காலையில் ஆறிப்போயிற்று. காலையில் குளிப்பவருக்கு என்ன பயன்?

இதற்கு விடை கண்டவர் வில்லியம் பெய்லி. 1909-இல் அவர் இவ்விரண்டு வேலைகளையும் பிரித்தார். கண்ணாடி மூடிய ஆழமற்ற பெட்டிக்குள் கறுப்புச் செப்புத்தகடும் அதில் பற்றவைத்த குழாய்களும் இருந்தன. தொட்டி அதைவிட உயரத்தில், சூடு வெளியேறாதபடி நன்றாகப் பொதியப்பட்டு இருந்தது. சூடான நீர் அடர்த்தி குறைந்து குழாய் வழியே தானாக மேலேறித் தொட்டியை அடையும். குளிர்ந்த நீர் கீழிறங்கிப் பெட்டிக்கு வரும். பம்பு தேவையில்லை. இரவெல்லாம் நீர் சூடாகவே இருந்ததால், 'பகலும் இரவும்' எனப் பொருள்படும் 'டே அண்டு நைட்' என்ற பெயரையே கருவிக்கு வைத்தார்.

1913 சனவரியில் தென் கலிபோர்னியாவில் கடுங்குளிர் தாக்கிக் குழாய்களில் நீர் உறைந்தது. பல குழாய்கள் வெடித்தன. பெய்லி சோர்ந்துவிடவில்லை. குழாயில் நீருக்குப் பதில் ஆல்கஹால் கலந்த நீரை ஓடவிட்டு, தொட்டிக்குள் ஒரு சுருள் குழாய் வழியே அதன் சூட்டை நீருக்கு மாற்றினார். முதலாம் உலகப் போர் முடிவதற்குள் நாலாயிரத்துக்கும் அதிகமான கருவிகள் விற்றிருந்தன.

முதல் வீழ்ச்சி

இனி என்ன, சூரியன் வென்றுவிட்டது என்றுதானே நினைப்போம்? 1920-க்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பெருமளவு இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. வாயுவின் விலை பெரிதும் வீழ்ந்தது. வாயு நிறுவனங்கள் கடனுக்கு அடுப்புத் தந்தன; இலவசமாக இணைப்புத் தந்தன. 1920-இல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் விற்ற பெய்லியின் கருவி, 1930-இல் சில பத்துக்களாகக் குறைந்துவிட்டது. பெய்லி என்ன செய்தார் தெரியுமா? வெப்பம் காக்கும் அதே தொட்டிக்கு அடியில் வாயு அடுப்பை வைத்தார். அவருடைய நிறுவனம் எரிவாயு வெந்நீர்க் கலன் செய்வதில் நாட்டின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது!

புளோரிடா மாநிலத்தின் மயாமியில் இதே கதை மறுமுறை நடந்தது. அங்கு எரிவாயு இல்லை; மின்கட்டணம் அதிகம். 1930-களில் வீட்டைச் சீர்திருத்த அரசு குறைந்த வட்டிக் கடனுக்கு வழி செய்தது. 1941-இல் மயாமி வீடுகளில் பாதிக்கு மேல் வெயில் வெந்நீர் ஓடிற்று. அப்போது போர் வந்தது. செம்பைப் போர்த்தளவாடங்களுக்கென ஒதுக்கியதால் உற்பத்தி நின்றது. போருக்குப் பின் மின்கட்டணம் இறங்கிற்று. செப்புக் குழாயும் எஃகுத் தொட்டியும் இணைந்த பழைய கருவிகளில் அரிப்பு ஏற்பட்டுத் தொட்டிகள் ஓட்டையாயின. பழுதுபார்ப்பதைவிட மலிவான மின்சார ஹீட்டரை வாங்குவதே எளிது என்று மக்கள் முடிவு செய்தனர்.

எவரும் எழுதாத கணக்கு

அந்த மக்களை நாம் குறைகூற முடியாது. கையிலிருந்த கணக்கின்படி அவர்கள் செய்தது சரியே. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி எழுதப்படாமல் விடப்பட்டிருந்தது. அதுதான் புகைபோக்கி வழியே வெளியேறிய கரியமில வாயு.

பாஸடீனாவில் கிளைமாக்ஸ் கூரையேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1896-இல், ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் காற்றில் கரியமில வாயு கூடினால் பூமியின் வெப்பம் கூடும் என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டார். டி சோசூரின் கண்ணாடி மூடி செய்த வேலையில் ஒரு பகுதியை, அதாவது அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதை, இவ்வாயு வானில் செய்கிறது. 1958-இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் இதை அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு இவ்வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

வீட்டுக் குளியலறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 100 லிட்டர் நீரை 25° செ.-இலிருந்து 60° செ.-க்கு உயர்த்த 3,500 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆகவே நான்கு யூனிட்டுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும். நீர்மின்சாரம், காற்றாலை எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தாலும், நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் ஒரு நாள் வெந்நீருக்கு ஏறக்குறைய 3 கிலோகிராம். ஆண்டில் 200 நாள் வெந்நீர் வைக்கும் வீடு, வெந்நீருக்காக மட்டும் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடுகிறது.

நிலைத்த இடமும் நிலையாத இடமும்

1950-களில் இஸ்ரேலில் எரிபொருள் தட்டுப்பாடு நிலவிற்று. 1953-இல் லெவி யிசார் என்ற பொறியாளர் அங்கே சூரிய வெந்நீர்க் கருவியை உருவாக்கித் தொழில் தொடங்கினார். வெயிலை நன்றாக உறிஞ்சி, அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை இழப்பதைக் குறைக்கும் தனிவகைக் கறுப்புப் பூச்சை ஹாரி டேபர் என்ற இயற்பியல் அறிஞர் அமைத்தார். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. உலகில் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1980-இல் அந்நாடு புதிய குடியிருப்புகளில் சூரிய வெந்நீர்க் கருவி வைப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்கிற்று. பிற்பாடு எண்ணெய் விலை இறங்கியபோதும் கருவிகள் கூரையிலிருந்து இறங்கவில்லை. அங்கு மிகப் பெரும்பாலான வீடுகளில் இன்றும் அவை இயங்குகின்றன.

இதற்கு நேர்மாறான காட்சி அமெரிக்காவில். 1979 சூன் மாதம் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் நீரைச் சூடாக்கும் 32 பலகைகளைத் திறந்து வைத்தார். சூரியக் கருவி வாங்குவோருக்கு வரிச்சலுகையும் இருந்தது. 1985 முடிவில் சலுகை காலாவதியாயிற்று; 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. கருவி செய்த நிறுவனங்கள் பல மூடப்பட்டன. அதே 1986-இல் கூரை பழுதுபார்க்க வெள்ளை மாளிகைப் பலகைகளைக் கழற்றினர், திரும்பப் பொருத்தவில்லை. பின்னர் அவற்றில் சில மெய்ன் மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் உணவுக்கூடத்துக்குப் பல ஆண்டுகள் வெந்நீர் தந்தன. அதாவது, கழற்றிய கருவியில் பழுது ஒன்றும் இல்லை!

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எரிபொருள் விலையை மட்டுமே நம்பிக் கூரையேறிய கருவி, விலை சரிந்தவுடன் இறங்கிவிட்டது. பொது விதி தாங்கிய கருவி நிலைத்தது. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். புகையின் தீங்கோ தலைமுறைகளுக்கு நிற்கும். ஆகவே, விலை எழுதாமல் விட்ட வரியைச் சட்டமோ சலுகையோதான் எழுதவேண்டியிருக்கிறது.

நம் கூரையில்

அயல் மாநிலமான கர்நாடகத்திலும் இதைக் காணலாம். பெங்களூரில் 2007 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி கட்டாயமாக்கப்பட்டது. வைத்திருப்போருக்கு மின்கட்டணத்தில் தள்ளுபடியும் தரப்பட்டது. அந்நகரின் கூரைகளில் வரிசையாக நிற்கும் தொட்டிகளை அங்கு சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள்.

தமிழகத்தில் பல ஊர்களில் ஆண்டில் பெரும்பகுதி தண்ணீரிலேயே குளிக்கலாம். அதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை. வெந்நீர் தேவைப்படும் வீட்டுக்கு, நாளொன்றுக்கு 100 லிட்டர் வேண்டுமெனில் 2 சதுர மீட்டர் தட்டைப் பெட்டி போதும். அது தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். அதைக் கவனிக்காவிடில் மயாமியில் தொட்டி ஓட்டையான கதையாக முடியும். வீடு கட்டும்போதே கூரையிலிருந்து குளியலறைக்கு ஒரு குழாய் இறக்கிவிட்டால் செலவு சிறிது. கட்டி முடித்த பின் சுவரை உடைப்பது பெருஞ்செலவு.

2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்பலகை அமைக்க மத்திய அரசு மானியத் திட்டம் தொடங்கியது. வெயிலிலிருந்து மின்சாரமே எடுக்கும் கருவி அது. பெய்லியின் கருவியைவிடப் பலமடங்கு முன்னேறியது. எனினும் அதன் முன்னும் பழைய கேள்விகளே நிற்கின்றன. மானியம் முடிந்த பின் என்ன ஆகும்? பழுதுபார்க்க ஆள் இருப்பாரா? வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரை யாருடையது?

மாணவர்களே, ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுத்துக் கறுப்பு வர்ணம் பூசுங்கள். ஒன்றைத் திறந்த வெளியிலும், மற்றொன்றைக் கண்ணாடி மூடிய பெட்டியிலும் நீர் நிரப்பி வையுங்கள். மணிக்கொரு முறை வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாலைக்குள் டி சோசூர் கண்ட உண்மை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அடுத்த பக்கத்தில் உங்கள் வீட்டு வெந்நீருக்கு ஆகும் யூனிட்டையும், அதனால் வெளியாகும் கரியமில வாயுவையும் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் காட்டுங்கள். பாஸடீனாவிலும் மயாமியிலும் எவர் கையிலும் இல்லாத கணக்கு அது.