ஒரே நேரக்கோட்டில்
எனக்குப் பிடிச்ச வரைபடம் ஒண்ணு, 1987 செப்டம்பர் 16 அன்று பிறந்தது. சிலியின் புந்தா அரீனாஸிலிருந்து கிளம்பிய நாசாவின் ஈஆர்-2 விமானம், அண்டார்டிகா மேலே பறந்தது. உள்ளே விமானி மட்டும்; கருவிகள் தாமாகவே அளந்தன. குளோரின் மோனாக்சைடு, ஹார்வர்டின் ஜேம்ஸ் ஆண்டர்சன் குழுவுடையது. ஓசோன், வேறொரு குழுவுடையது. ரெண்டு தரவையும் ஒரே நேரக்கோட்டில் வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: ஒன்று எகிறும் இடத்தில் மற்றது சரிகிறது. ஓசோனைத் தின்றது ஃப்ரிட்ஜ் வாயுக்களிலிருந்து வந்த குளோரின்தான்.

மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே நாள், இந்தக் கோடுகளைப் பார்க்காமலேயே. அதில் பாதிக் குறைப்புதான். முழுத் தடைக்கு 1990 லண்டன் வரை ஆனது.

அந்த ஆய்விலிருந்து வளர்ந்தது நாசா ஏம்ஸ் கோப்பு வடிவம். சாதாரண எழுத்துக் கோப்பு. தலைப்பு எத்தனை வரி என்று முதல் வரியே சொல்லிவிடும். பத்து வரி நிரலில் திறந்துட்டேன். போன வருஷம் நானே சேமிச்ச கோப்பு ஒண்ணு இன்னும் திறக்கலை.