சவர்க்காரமும் தீவக மக்களும்

ஒரே பொருளை மக்கள் மீண்டும் மீண்டும் வாங்கினால் வணிகர் அதனை விசுவாசம் என்பர். வேறொன்றை நாடினால் சபலம் என்பர். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் சவர்க்காரம் புழங்கிய வரலாற்றை நோக்கின், இவ்விரு சொற்களும் பொருந்தாமை புலனாகும்.

முதலில் தண்ணீரைக் கவனிப்போம். தீவகத்துக் கிணறுகள் பல உவரானவை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் சவர்க்காரம் நுரையாது. திரைந்து படிந்து வீணாகும். தொலைவிலிருந்து நன்னீர் சுமந்த பெண், நன்கு நுரைக்கும் கட்டியையே தேடினாள். அது ஆடம்பரமன்று, சிக்கனம். அடுத்தது படகு. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் நெடுந்தீவுக் கடையில் இருப்பதே சரக்கு. மூன்றாவது கடன். கடைக்காரரின் கொப்பியில் பெயர் ஏறியவருக்கு அவர் விற்பதே விருப்பம்.

இலங்கையில் லீவர் பிரதர்ஸ் நிறுவனம் 1938இல் அமைந்தது. அதன் சன்லைற் சிற்றூர்க் கடைகளிலும் இடம் பிடித்தது. 1941இல் தோன்றிய சுவதேசி நிறுவனம் உள்நாட்டுச் சவர்க்காரங்களைச் செய்தது. யாழ்ப்பாணத்திலேயோ கனகராசாவின் மில்க்வைற் சவர்க்காரம் பிறந்தது. அவர் பனைநடுகைக்காகவும் உழைத்தவர்.

அந்தப் பனையே பின்னர் கைகொடுத்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் அகப்பட்டது. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டில் ஒதுங்கியோரும் அந்த இன்னலைப் பகிர்ந்தனர். மக்கள் பனம்பழக் களியால் ஆடை வெளுத்தனர். அக்களியில் நுரைதரும் சபோனின் உண்டு. முன்னோர் அறிந்த முறையும் அதுவே. துணியில் பழவாசம் தங்கியது. ஆயினும் அழுக்கு அகன்றது. இதனைச் சபலம் என்று எவர் கூறத் துணிவர்?

2002இல் போர்நிறுத்தத்தின்பின் ஏ-9 பாதை திறந்ததும் பெயர்பெற்ற கட்டிகள் பெருகி வந்தன. 2022 நெருக்கடியில் விலை உயர்ந்தபோது, கைக்கு எட்டியதை வாங்கும் நிலை மீண்டும் வந்தது. சிறு பொதியில் விற்கும் ஷாம்பு ஏழைக்கு வசதிபோல் தோன்றும். அந்தப் பொதிகளின் குப்பையோ கரையில் எஞ்சும்.

ஆகவே, தீவக மக்கள் எந்தப் பெயருக்கும் அடிமையாயினர் அல்லர். தண்ணீரும் படகும் கடனும் தடையும் அவர்களுக்காகத் தேர்ந்தன. நன்னீரும் தடையற்ற போக்குவரத்தும் நியாயவிலைக் கூட்டுறவுக் கடையும் அவர்களுக்கு வாய்க்கட்டும். அதன்பின் அவர்கள் கை எதனை எடுக்கிறதோ, அதனையே நாம் விருப்பம் என்று அழைக்கலாம்.