அக்கா, தங்கச்சி, ஒரு சேதுபதி!

மதுரையில் ராமேஸ்வரம் பஸ் ஏறுகிறீர்கள். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் தாண்டி, பாம்பன் பாலத்தில் கடலைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் வரும். அக்காமடம், தங்கச்சிமடம்!

யார் அந்த அக்கா? யார் அந்தத் தங்கச்சி?

பாம்பன் ரயில் பாலம் வந்தது 1914-ல்தான். அதற்கு முன்பு காசியிலிருந்து வருகிறவரும் மண்டபம் வரை நடந்து அல்லது வண்டியில் வந்து, அங்கிருந்து படகில்தான் கடலைக் கடக்க வேண்டும். சேதுவுக்குப் போகும் இந்த வழியைக் காப்பதுதான் ராமநாதபுரம் மன்னர்களின் வேலை. 'சேதுபதி' என்ற பட்டமே அதனால் வந்ததுதான். வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். சோறும் திண்ணையும் இலவசம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறதே மங்கம்மாள் சத்திரம், அதுவும் வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுத்த அந்தக் காலத்து மரபின் அடையாளம்தான்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர் விஜய ரகுநாத சேதுபதி. தன் இரண்டு மகள்களையும் தண்டத்தேவர் என்பவருக்கே மணம் முடித்து, அவரை ராமேஸ்வரம் பகுதிக்கு அதிகாரியாகவும் ஆக்கினார். மருமகனோ பாம்பனில் படகேற வந்த யாத்ரீகர்களிடம் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்துவிட்டார்! செய்தி அரண்மனைக்குப் போனது. சாமி கும்பிட வந்தவனிடம் காசு பிடுங்குவதா? மருமகன் என்றும் பார்க்கவில்லை. மரண தண்டனை!

நல்ல நீதி என்று கைதட்டத் தோன்றுகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். தப்பு செய்தது ஒருத்தர். ஆனால் மகள்கள் இருவரும் கணவனோடு உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாகச் சேதுபதி கட்டிய தங்குமிடங்கள்தான் அக்கா மடமும் தங்கச்சி மடமும் என்பது இந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வழிப்போக்கனுக்கு நியாயம் கிடைத்தது. அதற்கு விலை கொடுத்தது ஒரு பாவமும் அறியாத இரண்டு பெண்கள்.

இன்னும் கிழக்கே போனால் தனுஷ்கோடி. இருபக்கமும் கடல், நடுவே வெள்ளை மணல். ஒரு காலத்தில் இங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறினால் இலங்கையின் தலைமன்னார். ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சர்ச் என்று கலகலப்பாக இருந்த ஊரை, 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஒரேயடியாக வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் விழுங்கியது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டுவிட்டார்கள். ஆனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மீனவர்களின் குடிசைகள் உண்டு. நமக்கு ராத்தங்க ஒரு திண்ணை கிடையாது.

திரும்பும்போது பஸ் தங்கச்சிமடத்தில் நிற்கும். இறங்கி ஒரு டீ குடியுங்கள். கட்டணம் உண்டு, பரவாயில்லை, இப்போது யாரும் தலையை வாங்க மாட்டார்கள். ஊர்ப் பெயரை மட்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வசூலித்தவர் பெயரில் அங்கே ஊர் இல்லை. தண்டித்தவர் பெயரிலும் இல்லை!