கொழுப்பில் படிந்த மணம்

மல்லி, சம்பங்கி, ஆரஞ்சுப்பூ, கார்டீனியா ஆகியவற்றின் மணத்தை மையமாக வைத்துச் செய்யும் சென்ட்டுகளை வாசனைத் தொழிலில் ‘வெள்ளைப்பூ’ வகை என்று தனியே பிரித்திருக்கிறார்கள். லாவெண்டரும் எலுமிச்சையும் சட்டென்று எழுந்து மறைந்துவிடும். வெள்ளைப்பூ மணமோ பூசிக்கொண்டவருக்கு முன்னால் அறைக்குள் வந்து, அவர் போன பிறகும் அங்கேயே நிற்கும். சிலருக்கு அது மயக்கம், சிலருக்குத் தலைவலி. பொருட்படுத்தாமல் கடந்துபோகிறவர்கள் குறைவு. இந்த அடர்த்தியைப் பூவின் பிறவிக் குணம் என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு தொழில்முறையின் வரலாறு. பறித்த பிறகும் பூ விட்டுக்கொண்டிருந்த மணத்தை, தென் பிரான்சின் கிராஸ் நகரத்துப் பட்டறைகள் நாள்கணக்கில் கொழுப்பில் வாங்கிச் சேர்த்தன. அப்படிச் சேர்ந்த மணத்தைத்தான் உலகம் வெள்ளைப்பூவின் மணமென்று கற்றுக்கொண்டது என்பேன்.

பூவின் பங்கை முதலில் சொல்லிவிடலாம். மல்லியும் சம்பங்கியும் இரவில் மணப்பவை. இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்க வண்ணங்கள் உதவாது. வெண்மையும் தொலைவுக்கு எட்டும் மணமும்தான் உதவும். ரோஜாவின் மணம் இதழில் எண்ணெயாக இருக்கிறது, காய்ச்சி வடித்தால் ஆவியோடு வந்துவிடும். மல்லியிலும் சம்பங்கியிலும் ஒரு நேரத்தில் தேங்கியிருக்கும் மணம் கொஞ்சம்தான். பூ அதை மணிக்கு மணி உண்டாக்கி வெளியே விடுகிறது. கொதிநீரில் போட்டால் உண்டாக்குவது நின்றுபோகும், இருந்ததும் வெந்து கெடும். இந்தச் சிக்கலை நம் நாட்டிலும் அறிந்திருந்தார்கள். வட இந்தியாவில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை மாற்றி மாற்றிப் போட்டு, மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டும் வழக்கம் பழையது. எண்ணெய்ப் பசை மணத்தைப் பிடித்துவைக்கும் என்பதைக் கிராஸ் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பெருந்தொழிலாக வளர்த்ததுதான் அந்த ஊரின் சாதனை.

கிராஸ் முதலில் தோல் பதனிடும் ஊர். பதனிட்ட தோலின் நாற்றத்தை மறைக்கக் கையுறைகளுக்கு வாசனை ஏற்றினார்கள்; காலப்போக்கில் கையுறை போய் வாசனை மட்டும் தங்கியது. தெற்காசியப் பக்கத்துப் பூவான ஜாதிமல்லியும், மெக்சிகோவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த சம்பங்கியும் அந்த மண்ணில் வேரூன்றின. குளிர் தாங்காத ஜாதிமல்லியை வேறொரு மல்லிச் செடியின் தண்டில் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். பட்டறையில் நடந்ததைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மரச்சட்டத்தின் நடுவில் ஒரு கண்ணாடித் தகடு. அதன் இருபுறமும், சுத்தம் செய்த பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் கலந்த விழுதை மெல்லியதாகத் தடவுவார்கள். அதன்மேல் பூக்களை ஒவ்வொன்றாகப் பரப்பிச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பூவில் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் கொழுப்பு சிக்குப்பிடித்துவிடும். மல்லியை ஒரு நாள் கழித்து எடுத்துப் புதுப் பூ போடுவார்கள். சம்பங்கி இரண்டு, மூன்று நாள்கூடக் கிடக்கும். பழைய பூவை உதிர்க்கச் சட்டத்தைத் தட்டுவார்கள், ஒட்டியிருப்பதைப் பெண்கள் விரலால் பொறுக்கி எடுப்பார்கள். ஒரே கொழுப்பு பருவம் முழுவதும் இப்படிப் பூ மாற்றி மாற்றி வாங்கும். 36 முறை பூ வாங்கிய கொழுப்பு ‘36-ஆம் எண்’ என்ற பெயரிலேயே விற்றது. பிறகு அதைச் சாராயத்தில் அலசி மணத்தைப் பிரித்தார்கள்.

முறை எதுவானாலும் கிடைப்பது பூவின் மணம்தானே, இதில் கொழுப்புக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிராஸுக்கு இன்னொரு வழி வந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த கரைப்பானில் பூவைக் கழுவி, மெழுகுபோன்ற ‘கான்க்ரீட்’ எடுத்து, அதிலிருந்து ‘அப்சலூட்’ பிரிக்கும் முறை. வேகமானது, செலவும் குறைவு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹெஸ்ஸே முக்கியமானவர். மல்லியிலும் சம்பங்கியிலும் கரைப்பான் தருவதைவிடக் கொழுப்பு பல மடங்கு அதிக மணத்தைத் தருகிறது என்று அவர் காட்டினார். காரணம் எளிது. கரைப்பான் பூவை அந்த நொடியில் கொன்றுவிடுகிறது. கொழுப்பின்மேல் கிடக்கும் பூ இன்னும் பல மணி நேரம் உயிரோடு மணத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்று பூவின் ஒரு கணத்தை எடுக்கிறது, மற்றது பூவின் ஒரு நாளை எடுக்கிறது. அளவில் மட்டுமல்ல, குணத்திலும் இரண்டும் வேறு.

ஹெஸ்ஸே மல்லியில் இண்டோலையும் கண்டறிந்தார். மலத்திலும் இருக்கிற, தனியே முகர்ந்தால் பாச்சை உருண்டையை நினைவூட்டுகிற பொருள் அது. வெள்ளைப்பூவின் கவர்ச்சி முழுக்க இண்டோலில்தான் என்று சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. மல்லி அப்சலூட்டில் அது நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். பழமணம் தரும் பென்சைல் அசிடேட் அதைவிடப் பல மடங்கு அதிகம். இனிப்புக்கு அடியில் கிடக்கிற கொஞ்சம் அழுக்கு இல்லையென்றால் அந்த மணம் மெலிந்துபோகும் என்பது மட்டும் உண்மை. இதற்கு 1966-இல் வந்த ‘ஓ சவாஜ்’ என்ற சென்ட் நல்ல சான்று. ஃபிர்மெனிக் நிறுவனத்தின் ஆய்வில் கிடைத்த ஹெடியோன் என்ற மல்லி மூலக்கூறை அதைப் படைத்த எட்மோன் ரூட்னிட்ஸ்கா அதில் பயன்படுத்தினார். அந்த அழுக்கு இல்லாத, காற்றோட்டமான, மிக அழகான மல்லி அது. ஆனால் அதை யாரும் கனமான வெள்ளைப்பூ என்று சொல்வதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. செடியிலிருக்கும் பூவையும் பறித்த பூவையும் சுற்றியுள்ள காற்றைத் தனித்தனியே பிடித்து, 1980-களில் வேதியியலாளர் பிரஜா முகர்ஜி அமெரிக்காவில் ஆராய்ந்தார். இரண்டின் சேர்க்கையும் வெகுவாக மாறுபட்டது. அப்படியானால் கிராஸின் கொழுப்பு பிடித்தது உண்மையான பூவை அல்லவே, பறித்து வாடுகிற பூவைத்தானே? ஆம், அதைத்தான். என் வாதத்தை இது குலைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. மனிதர் பழகியது பறித்த பூவோடுதான். விடியுமுன் மொட்டாகப் பறித்த மதுரை மல்லி, சரமாகி, சாயங்காலம் எண்ணெய் தடவிய கூந்தலில் விரிகிறது. அதன் மணத்தை நாம் அறிந்தது கொடியருகே நின்றல்ல. கிராஸின் சட்டங்களில் நடந்ததும், இங்கே தினமும் தலையில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றே.

விலைதான் இந்த மணத்துக்கு மதிப்பைத் தந்தது என்பாரும் உண்டு. ழான் பட்டூவின் ‘ஜாய்’ 1930-இல் உலகின் மிக விலையுயர்ந்த வாசனை என்ற விளம்பரத்தோடு வந்தது. ஓர் அவுன்ஸுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மல்லிப் பூக்கள் என்றது அந்நிறுவனம். ஆனால் 1948-இல் ரொபேர் பிகே நிறுவனத்துக்காக ஜெர்மேன் செலியே படைத்த ‘ஃபிராகா’வை விலையால் விளக்கிவிட முடியாது. ஆண்களே நிறைந்திருந்த தொழிலில் நுழைந்த வேதியியல் படித்த பெண் அவர். போர் முடிந்த காலம். ஆள்கூலி ஏறிக் கொழுப்பு முறை தேய்ந்துகொண்டிருந்தது. அவர் சம்பங்கிச் சாரத்தைத் தாராளமாக ஊற்றி, ஆரஞ்சுப்பூவும் மல்லியும் சேர்த்து, செயற்கைப் பொருள்களால் அதற்கு வெண்ணெய்ச் செழிப்பு ஏற்றினார். செயற்கையால் முடிந்தது என்றால் பழைய முறை தேவையற்றது என்று ஆகாது. எதைப்போல் இருக்க வேண்டும் என்ற அளவுகோல் அவருக்கு அந்தக் கொழுப்பிலிருந்தே வந்தது.

இந்த மணம் மலிவான ரசனை என்ற ஏளனமும் பழையது. சம்பங்கி நட்ட 14-ஆம் லூயியின் திரியானோன் தோட்டத்திலிருந்து, மாலையில் மணம் தாங்காமல் அரசவையினர் எழுந்துபோனார்கள் என்பார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அதே பூ ஆபத்தான இன்பத்தின் அடையாளம், சவ ஊர்வலத்தின் மலரும்கூட. 1980-களில் ‘ஜார்ஜியோ’, ‘பாய்ஸன்’ பூசியவர்களுக்கு அனுமதி மறுத்த அமெரிக்க உணவகங்கள் உண்டு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே சம்பங்கி மாலையைக் கட்டும் நமக்கு, இந்த இரட்டைத்தன்மை குறையாகத் தோன்ற வேண்டியதில்லை. வாழ்வின் இரு பெரிய சமயங்களிலும் கூடியிருப்பவர்களை நிறைக்கும் மணம் மெலிதாக இருந்து என்ன பயன்?

இன்று கிராஸில் பூ குறைவு. 2018-இல் யுனெஸ்கோ அந்த ஊரின் வாசனைக் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் உலகத்துக்கான சம்பங்கி அப்சலூட்டின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போகிறது. சத்தியமங்கலம் பக்கத்தில் மாலைக்கு விலை கிடைக்காத நாளில் சம்பங்கி சென்ட் ஆலைக்குப் போகிறது. அங்கே கொழுப்புத் தகடு இல்லை, ஹெக்ஸேன் என்ற கரைப்பான் இருக்கிறது. மூட்டையில் எவ்வளவு நேரம் கிடந்தது, எந்த நேரத்தில் பறித்தது என்பதையெல்லாம் கேட்டு விலை வைப்பவர்கள் அரிது, எடைதான் கணக்கு. பறித்த பிறகான மணி நேரங்களில்தான் இந்தப் பூவின் செல்வம் இருக்கிறது என்று ஹெஸ்ஸே காட்டி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. அந்த மணி நேரங்களுக்குக் கூலி கொடுக்கும் சந்தை விளைவிக்கிறவருக்கு இன்னும் வாய்க்கவில்லை.