எட்டு நாள் விதி

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்ததைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அங்கே என் மேஜையில் மூன்று பேனாக்கள் இருக்கும். நீலம் வருகைக்கு, பச்சை விடுப்புக்கு, சிவப்பு ஒரே ஒரு காரியத்துக்கு. தொடர்ந்து எட்டு வேலை நாள் லீவு சொல்லாமல் ஒருவர் வராவிட்டால், ஒன்பதாம் நாள் காலையில் மஸ்டர் ரோலில் அவர் பெயர் மேல் சிவப்புக் கோடு போட வேண்டும். "தானாகவே வேலையை விட்டுப் போனதாகக் கருதப்படும்" என்று எங்கள் நிலையாணையில் ஒரு வரி உண்டு. கருதுவது யார் என்று அதில் இராது. கருதியது பெரும்பாலும் நான்தான்.

எத்தனை கோடு போட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. 1986-ல் போட்ட ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த விதி எங்கள் கம்பெனி கண்டுபிடித்ததல்ல. 1946-ல் தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டம் வந்த பிறகு, பெரிய தொழிற்சாலைகள் தங்கள் வேலை விதிகளை எழுதி, அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டியதாயிற்று. அதுவரை முதலாளி வாயால் சொன்னதே விதி. எழுத்தில் வந்தது தொழிலாளிக்கு நல்லதுதான். ஆனால் எழுதும்போது இந்த எட்டு நாளும் கூடவே நுழைந்துவிட்டது.

சென்னையில் அது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. பெரம்பூர் பி அண்ட் சி மில், அதாவது பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில். 1918 ஏப்ரல் 27-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான். அந்தப் பெருமையெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு. நான் சொல்லப் போவது அதில் இராது.

1957 ஜனவரியில் அந்த மில் தொழிலாளி ஒருவர் சில நாள் லீவில் ஊருக்குப் போனார். போன இடத்தில் உடம்பு கெட்டுவிட்டது. மார்ச் மாதம்தான் திரும்பினார். கையில் அரசு டாக்டரின் சான்றிதழ் இருந்தது. இ.எஸ்.ஐ. அதை ஏற்றுக்கொண்டு, நோய்க்காலத்துக்கான பணத்தையும் கொடுத்தது. மில் டாக்டரோ அவரைப் பரிசோதித்துவிட்டு, இத்தனை நாள் நோயாக இருந்தார் என்பதைத் தன்னால் உறுதி செய்ய முடியவில்லை என்றார். நிர்வாகம் எட்டு நாள் விதியைக் காட்டியது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கான பணம் பெறும் காலத்தில் ஒருவரை வேலை நீக்கக் கூடாது என்கிறதே என்று தொழிலாளி தரப்பு வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1963 ஜூலையில் தீர்ப்பு வந்தது: முதலாளி தானாக ஒரு காரியம் செய்து நீக்கினால்தான் 73-ஆம் பிரிவு தடுக்கும்; இங்கே விதிப்படி வேலை தானாகவே முடிந்துவிட்டது. தொழிலாளி தோற்றார்.

ஒரே உடம்பு, ஒரே நோய். ஒரு டாக்டர் பார்த்தால் இருக்கிறது, இன்னொருவர் பார்த்தால் இல்லை. இந்த வழக்கைப் பற்றி நான் முதன்முதலில் கேள்விப்பட்டது 1994-ல், என் மேலேயே சார்ஜ் மெமோ வந்தபோது.

அந்த வருஷம் டைம் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆறு மாதத்துக்குப் பழைய ரிஜிஸ்டரையும் எழுது, கம்ப்யூட்டரிலும் ஏற்று என்றார்கள். அறுநூறு பேர் கணக்கு. ஒரு மாதம் ஓவர்டைம் கூலி தப்பாகப் போய், சம்பள நாளன்று கவுண்டர் முன்னால் பெரிய கூச்சல். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டோக்கன் நம்பர்களை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருப்பேன். குரோம்பேட்டையில் மின்சார ரயில் வந்து நிற்கும், ஏற மாட்டேன். அடுத்ததில் போகலாம் என்று நிற்பேன். அதிலும் ஏற மாட்டேன்.

இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். வயிற்று வலி என்று மட்டும் சொன்னேன். வயிறும் வலித்தது, பொய்யில்லை. ஆனால் அதுதான் நோய் என்பது பொய். மெட்ராஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 'கீழ்ப்பாக்கம்' என்பது எங்களுக்கு ஊர்ப் பெயரல்ல, வசவு. 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியதிலிருந்து ஒட்டிக்கொண்ட வசவு. அந்தப் பெயர் என் மேல் விழுந்தால் பெண் கல்யாணம் என்னாவது என்ற பயம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் மனநல டாக்டரை இருட்டின பிறகு போய்ப் பார்த்தேன். அவர் 'ஆங்சைட்டி' என்று எழுதி, மாத்திரையும் ஓய்வும் கொடுத்தார். முதல் இரண்டு வாரத்துக்கு இ.எஸ்.ஐ. சீட்டு, மீதிக்கு அவருடைய சீட்டு. ஒன்றில் வயிறு, மற்றதில் மனசு. இருபத்தாறு நாள் கழித்து வேலைக்குப் போனால் கம்பெனி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து "நார்மல்" என்றார்.

மெமோவில் இரண்டு குற்றச்சாட்டுகள். உரிய அனுமதியின்றி வராமை. உடல்நிலை பற்றித் தவறான தகவல் தந்தமை. டொமஸ்டிக் என்கொயரிக்குத் தேதியும் போட்டிருந்தது.

யூனியன் செயலாளர் என்னைவிட வயதில் சின்னவர். வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, பி அண்ட் சி கேஸைக் காட்டினா நாம காலி. ஆனா போன வருஷம் ஒரு தீர்ப்பு வந்திருக்கு. அதை வச்சுத்தான் உங்க பேர்ல கோடு போடாம மெமோ குடுத்திருக்காங்க."

அவர் சொன்னது 1993 மே 7-ஆம் தேதித் தீர்ப்பு, டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ். அங்கேயும் இதே எட்டு நாள் விதிதான். வேலைக்கு வந்தவரை வாசலிலேயே தடுத்துவிட்டு, வரவில்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள் என்பது தொழிலாளி தரப்பு. நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும், ஒருவர் சொல்வதைக் கேட்காமல் அவர் பிழைப்பைப் பறிக்க முடியாது. அது அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகளுக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். பாதிச் சம்பள பாக்கியோடு வேலையும் திரும்பக் கிடைத்தது. அது ஒரு வருஷம் முந்தி வந்திருக்காவிட்டால் எனக்கு விசாரணையே இருந்திருக்காது. என் ரிஜிஸ்டரில், என் பேனாவால், வேறு யாராவது கோடு போட்டிருப்பார்கள்.

விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். கேன்டீன் பக்கத்து அறை. சாம்பார் வாசனை வந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறது. பர்சனல் மேனேஜர் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல எது நிஜம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். செயலாளர் காதருகில், "வயிறுன்னே நில்லுங்கண்ணே, சட்டப்படி அது ஸ்ட்ராங்" என்றார்.

"ரெண்டாவதுதான் நிஜம் சார்" என்றேன். ராத்திரி டோக்கன் நம்பர் கூட்டுவது, ரயிலில் ஏறாமல் நின்றது எல்லாம் சொன்னேன். டைப்பிஸ்ட் பையன் இரண்டு நிமிஷம் தட்டாமல் என்னையே பார்த்தான். மறுநாளிலிருந்து ஷாப் ஃப்ளோரில் எனக்குக் கீழ்ப்பாக்கம் என்ற பெயர் வந்துவிட்டது. பயந்தது போலவேதான் நடந்தது. பெண் கல்யாணம் மட்டும் நிற்கவில்லை.

முதல் குற்றச்சாட்டு தள்ளப்பட்டது. இரண்டாவதற்கு எச்சரிக்கைக் கடிதம், மெடிக்கல் லீவு போக மீதி நாளுக்கு லாஸ் ஆஃப் பே. ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் மாற்றியிருப்பார்கள். எனக்கு அங்கே தூக்கம் வந்தது.

ரிட்டயரான பிறகு இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன். 2012 பிப்ரவரியில் பர்மார் என்பவர் வழக்கில், நோய் போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் வராமல் இருந்தால் அது வேண்டுமென்றே வராமை ஆகாது, அதைக் கடமை தவறியதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனசின் நோயை உடம்பின் நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 2021 டிசம்பர் 17-ல் இன்னும் ஒரு படி. மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த ஒருவருக்கு மனநோய். அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை. அந்த நடத்தைக்கு மனநல பாதிப்பு ஒரு காரணமாக இருந்தாலே போதும், அதுவே முழுக் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, நடவடிக்கை பாரபட்சமாகும் என்றார் நீதிபதி சந்திரசூட். ஆனால் பர்மாரும் இவரும் அரசு ஊழியர்கள். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது என்ற 2016-ஆம் வருஷச் சட்டப் பிரிவும் அரசு நிறுவனங்களுக்குத்தான். தாம்பரம் பக்கத்துத் தனியார் கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு இன்றும் யாதவ் வழக்குதான் பெரிய துணை. இது என் அபிப்பிராயம். வக்கீல்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

இனி 1986. பெயின்ட் ஷாப்பில் ஒரு பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். எட்டு நாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் கோடு போட்டேன். பெயரை நீக்குவதே சட்டப்படி ஆட்குறைப்புதான் என்று தென்னக ரயில்வே தொழிலாளி ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அவனுடைய அண்ணன் அவனைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். கையில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. நான் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற செக்யூரிட்டியைப் பார்த்துச் சிரித்தேன். பையன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

"பேர் எடுத்தாச்சுப்பா" என்றேன்.

அண்ணன் ஒன்றும் வாதாடவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சார், இவனுக்கு மாத்திரை தொடர்ந்து வாங்கணும். இ.எஸ்.ஐ. கார்டு இனிமே செல்லுமா?" என்று கேட்டார்.

செல்லாது என்று சொல்லி அனுப்பினேன். சந்தா கட்டிய காலத்துக்கு ஈடான பலன் காலம் முடியும்வரை, வேலை போனாலும் அந்தக் கார்டுக்கு மருத்துவம் உண்டு என்பதை ஸ்டோர்ஸுக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் விலாசம் பழைய ரிஜிஸ்டரில் இருந்தது. கடப்பேரி. 1995-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள்.